நூர் லாத்தா உட்காராத நாற்காலிகள்

செய்தி வந்தபோது நான் திருச்சியில், எங்கள் புது அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் நின்று, மின்விசிறி மாட்ட வந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் தாஸ் பாபுவின் பெயர் வந்தது. அவர் அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் நூர் லாத்தாவின் பக்கத்து வீட்டுக்காரர். வங்காளி, என்னோடு ஹிந்தியில்தான் பேசுவார். லாத்தா வழக்கம்போலத் தன் கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டு அவருடையதிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லுங்க லாத்தா" என்றேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தாஸ் பாபு, "நூர் தீதி நஹீ ரஹீ" என்றார்.

நூர் அக்கா இனி இல்லை என்று அதற்கு அர்த்தம். தங்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். தீவை விட்டுப் போகிற ஒவ்வொருவரையும் "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போனா என்ன?" என்று கேட்டுக் குடைந்தவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்குத் தாங்கவில்லை. சிமெண்ட் தூசித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மின்விசிறிக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். விசிறியை மாட்டாமலேயே அவரை அனுப்பிவிட்டேன்.

தீவில் சாவு விழுந்தால் மெயின்லேண்டில் இருக்கிறவர்கள் படும் பாடு தீவுக்காரர்களுக்குத்தான் தெரியும். நினைத்தவுடன் பஸ் ஏறிப் போய்ச் சேர வழியில்லை, நடுவில் கடல் கிடக்கிறது. அன்றைய விமானங்கள் எல்லாம் போய்விட்டன. சென்னையில் இருக்கும் அவருடைய மகள் ஷமீமா மறுநாள் காலை விமானத்தில் போனாள். அதில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. மகள் வந்து முகம் பார்த்ததும் ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் வைத்திருப்பது அவர்கள் வழக்கமில்லை. நான் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. முகம் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் விமானக் கம்பெனி மேல் கோபப்பட்டேன், மழை மேல் கோபப்பட்டேன், கடைசியில் லாத்தா மேலேயே கோபப்பட்டேன். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நானே போய் ஒழுங்காக விடைபெற்றுக்கொண்டு வந்திருப்பேன் அல்லவா?

இதைப் படிக்கிறவர்களில் பலர் இப்போது தீவில் இல்லை என்று எனக்குத் தெரியும். நாகர்கோவிலிலோ தஞ்சாவூரிலோ பிள்ளைகள் வீட்டிலோ இருக்கிறீர்கள். போர்ட் பிளேர் என்றால் உங்களுக்கு இப்போது பழைய புகைப்படம். ஆனால் கராச்சர்மாவில் ஒரு வீட்டில் உங்கள் பெயர் நேற்றுவரை தினமும் புழங்கியது. அதைச் சொல்வதற்குத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அரசு அலுவலகத்தில் அவர் எனக்கு முன்னாலேயே இருந்தார். கப்பலில் வருகிற அரசாங்கச் சரக்குகளைச் சரிபார்த்து ஏற்கும் பிரிவு அது. அவருடைய கணவர் பார்த்த வேலை. கணவர் சின்ன வயதிலேயே மாரடைப்பில் போய்விட, கருணை அடிப்படையில் லாத்தாவுக்குக் கொடுத்தார்கள். ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம். அவர்கள் பேச்சில் அக்காவுக்கு லாத்தா. முதல் நாள் நான் "நூர்ஜஹான் மேடம்" என்று கூப்பிட்டதற்கு, "மேடமெல்லாம் அந்த ரூமுக்குள்ள இருக்குறவங்களுக்கு. எனக்கு லாத்தா போதும். சோறு கொண்டாந்தியா, இல்ல கேண்டீன்ல அந்தக் காஞ்ச ரொட்டியத் திங்கப் போறியா?" என்றார். அன்று ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் டிபன் டப்பாக்கள் ஒரே மேஜையில்தான் திறந்தன. எங்கள் வீடு விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில். தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால், ஞாயிற்றுக்கிழமை அரட்டைக்கு நான்தான் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போவேன்.

தீவுக்கு அரசாங்க வேலையாக வருகிறவர்கள் ஒருநாள் போகிறவர்களும்தான். மாற்றல் வரும், ஓய்வு வரும், பிள்ளைகளின் படிப்பு வரும். கப்பல் டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டுச் சாமானை விற்க ஆரம்பிப்பார்கள். அதிலும் தீவுக் காட்டில் விளைகிற படாக் மரச் சாமான் என்றால் அதை மெயின்லேண்டுக்குக் கொண்டுபோக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து அக்கம்பக்கத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள். நாங்களெல்லாம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று உருப்படியானதாகப் பார்த்து வாங்குவோம். லாத்தா ஃபிரிட்ஜைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "ஒசந்த சாமான் எனக்கு வேணாம். இந்த வீட்டுல நீங்க கை வச்சு கை வச்சுத் தேஞ்சு போனது எது? அதக் குடுங்க" என்று கேட்பார். வாங்கி வந்த பொருள் அதோடு கொடுத்தவர் பெயருக்கு மாறிவிடும். பானர்ஜி அலமாரி. லட்சுமியம்மா பெட்டி. கோவிந்தன் சார் கடிகாரம். அந்தக் கடிகாரம் ஓடாது. "சார் ஆபீஸுக்கு என்னைக்கு நேரத்துக்கு வந்தாரு, அவரு கடியாரம் மட்டும் சரியா ஓடுறதுக்கு?" என்பார்.

அப்படித்தான் அருளப்பன் சாரின் நாற்காலி வந்தது. நாகர்கோவில்காரர், இன்ஜினியர், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவர் ஓய்வு பெற்றுக் கிளம்பும்போது கொடுத்தார். கனத்த கருமரம், இருக்கைக்கும் முதுகுக்கும் தடித்த தோல், ஓரமெல்லாம் பித்தளைக் குமிழ் ஆணிகள். யாரோ வெள்ளைக்காரர் பங்களாவிலிருந்து கைமாறிக் கைமாறி வந்ததாம். "இது ஸ்பெயின் பாணிம்மா, பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லாத்தா அதைத் தன் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து போட்டார். பச்சை பெயிண்ட் அடித்த சுவருக்கு முன்னால், டியூப் லைட்டுக்குக் கீழே, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்த ஜமீன்தார் மாதிரி அது விறைத்துக்கொண்டு நின்றது.

லாத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. ஸ்பெயின் வீடுகள் எப்படி இருக்கும் என்று கைப்பேசியில் தேடித் தேடிப் பார்த்து, சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் காட்டுவார். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்கள், வளைவு வைத்த வாசல்கள், சிவப்பு மண் ஓடு, இரும்புக் கூண்டு விளக்கு, வீட்டுக்கு நடுவில் வானம் தெரிகிற முற்றம். "பாத்தியா, எல்லாம் பழசு, எல்லாம் முரடு. ஆனா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடல" என்று வியப்பார். அவர் சேர்த்து வைத்திருந்த தேய்ந்த, கீறல் விழுந்த, காலொடிந்த சாமான்களெல்லாம் அந்த மாதிரி ஒரு வெள்ளை வீட்டில் மரியாதையாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த நாற்காலிக்கு ஒரு வீடு வேணும் வசந்தி" என்றார். சிரித்தேன். அடுத்த வருஷம் கராச்சர்மாவில் கடன் போட்டு மனை வாங்கிவிட்டார்.

வீடு கட்டிய கதையைத் தனிப் புத்தகமாக எழுதலாம். கொத்தனார் புத்ராம் ராஞ்சிக்காரர், நல்ல வேலைக்காரர், ஆனால் லாத்தாவிடம் மாட்டிக்கொண்டார். வளைவு வாசலை மூன்று தடவை இடித்துக் கட்டினார். முன்சுவர் எழுந்து முடிந்த நேரத்தில், பெரார்கஞ்சில் ஒரு பழைய மரவீட்டைப் பிரிக்கிறார்கள் என்று லாத்தாவுக்குத் தகவல் வந்தது. அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வயலோரத்தில் அந்த வீட்டின் கதவு மட்டும் தனியாக ஒரு தென்னை மேல் சாய்ந்து நின்றது. இரட்டைக் கதவு, இரும்புப் பட்டை, முழங்கை நீளத் தாழ்ப்பாள். டெம்போவில் ஏற்றி வந்து அளந்து பார்த்தால் வாசலை விடக் கதவு பெரியது. புத்ராம் ரம்பத்தை எடுத்தார். லாத்தா அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "கதவு நூறு மழையப் பாத்தது. உன் சுவரு நேத்து பொறந்தது. சுவத்த ஒடை" என்றார். தமிழ் தெரியாத புத்ராமுக்கும் அது புரிந்தது. சுவரை உடைத்தார்.

தரைக்கு ஸ்பெயின் நாட்டுப் பூப்போட்ட ஓடு வேண்டும். தீவில் எங்கே போவது? படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இது நம்ம ஆத்தங்குடிக் கல்லுதானடி!" என்று கத்தினார். காரைக்குடியிலிருந்து சென்னை போய், சென்னையிலிருந்து கப்பலேறி, மழைக்கால அலையில் ஆடி ஆடி வந்து சேர்ந்தது சரக்கு. பெட்டியைத் திறந்தால் கணிசமாக உடைந்திருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உடைந்ததையெல்லாம் பொறுக்கித் தனியாக அடுக்கி, படுக்கையறை வாசலில் துண்டு துண்டாகப் பதிக்கச் சொன்னார். வந்தவர்களிடமெல்லாம், "ஸ்பெயினு எங்களுக்குக் காரைக்குடி வழியாத்தான் வந்துச்சு" என்று பெருமையடிப்பார்.

எல்லாம் சரி, அந்த முற்றம் இருக்கிறதே, அதுதான் லாத்தாவின் பெரிய தப்பு. ஸ்பெயினில் வெயில் காய்கிறது, அவர்கள் வீட்டுக்கு நடுவில் வானத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு மே மாதம் பிடித்த மழை டிசம்பரில்தான் விடும். இது ஸ்பெயின் இல்லை என்று புத்ராம் எவ்வளவோ சொன்னார். "மேடம், யே ஸ்பெயின் நஹீ ஹை, கராச்சர்மா ஹை" என்று கும்பிட்டார். கேட்டால்தானே? குடிபுகுந்த அன்று பிரியாணித் தட்டோடு முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அடித்தது பாருங்கள் ஒரு மழை! தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எல்லாரும் பானர்ஜி அலமாரி இருந்த அறைக்குள் ஓடினோம். கூடத்தில் கணுக்கால் தண்ணீர். லாத்தா மட்டும் நனைந்துகொண்டே நடுவில் நின்று, "வந்துட்டுப் போகட்டும் விடுங்க. மழைக்கும் ஒரு வீடு வேணும்ல" என்றார்.

அன்றிலிருந்து வருஷத்தில் பாதி நாள் அவருக்கு அந்தத் தண்ணீரைத் தள்ளுவதுதான் வேலை. முழங்கால் வலி என்பதால் நின்று தள்ள முடியாது. பஜாரில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்து விற்பார்களே, அந்த மாதிரி ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையில் நீளமான வைப்பரோடு, தண்ணீரைச் சாக்கடை வாய்க்கு விரட்டுவார். பிறகு ஸ்டூலோடு நகர்ந்து அடுத்த மூலை. அந்த ஸ்டூல்தான் அடுப்படியில் மீன் கழுவும்போது, அதுதான் வாசலில் தேநீர் குடிக்கும்போது. ஒரு கால் லேசாக வளைந்திருக்கும். அந்த வீட்டிலேயே புதுசாக வாங்கிய சாமான் அது ஒன்றுதான், அந்த வீட்டுக்குப் பொருந்தாத சாமானும் அதுதான். விருந்தாளி வருகிற சத்தம் கேட்டால் முதல் வேலையாக அதைத் தூக்கிக் குளியலறைக்குள் ஒளித்து வைப்பார். "எவனாச்சும் ஸ்பெயின்காரன் பாத்தான்னா மானம் போயிரும்" என்பார்.

வெள்ளைச் சுவர் ஆகஸ்டில் பச்சையாகிவிடும். கூண்டு விளக்கு உப்புக்காற்றில் துருவை உதிர்க்கும். நாற்காலித் தோலில் பூஞ்சை பூக்கும், லாத்தா தேங்காய் எண்ணெய் தொட்டு ஆணி ஆணியாகத் துடைப்பார். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். "ஏன் லாத்தா இந்தப் பாடு? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நாலு சோபா வாங்கிப் போட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "அப்புறம் அவங்க வந்தா எங்க உக்காருவாங்க?" என்றார்.

யார் வரப்போகிறார்கள் என்று அன்று மனதுக்குள் சிரித்தேன். ஒருநாள் அருளப்பன் சார் வந்தார். உறவில் ஒரு கல்யாணத்துக்குத் தீவுக்கு வந்தவரை யாரோ கராச்சர்மாவுக்குக் கூட்டிவந்தார்கள். கைத்தடி, நடுக்கம், பாதி ஆளாகியிருந்தார். மனைவி இறந்துபோயிருந்தார். பெரார்கஞ்ச் கதவைத் தாண்டி உள்ளே வந்தவர், வெள்ளைச் சுவருக்கு முன்னால் தன் நாற்காலியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். லாத்தா ஒன்றும் விசேஷமாகச் சொல்லவில்லை. "உக்காருங்க சார், உங்க நாற்காலிதான்" என்றார். அவர் உட்கார்ந்தார். கை தானாகப் போய் இடப்பக்கப் பிடியில் தேய்ந்திருந்த பள்ளத்தில் பொருந்தியது. தேநீர் வருவதற்குள் தூங்கிப்போனார். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். லாத்தா என் கையைப் பிடித்து அழுத்தி, "சத்தம் போடாத. மனுசன் தன் வீட்டுல தூங்குறாரு" என்று கிசுகிசுத்தார். அவர் விழிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதன்பிறகு அந்த வீட்டைப் பற்றி நான் கேலி பேசியதில்லை. முற்றத்தைப் பற்றி மட்டும் பேசினேன்.

பிறகு வீடுகளைப் படமெடுத்து இணையத்தில் போடுகிற இரண்டு பெண்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். லாத்தாவுக்கு ஒரே பரபரப்பு. நீல ஸ்டூல் குளியலறைக்குப் போனது. அந்தப் பெண்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "அம்மா, நீங்க அந்த லெதர் சேர்ல உட்காருங்க, ஒண்ணு எடுத்துக்கறோம்" என்றார்கள். லாத்தா மறுத்துவிட்டார். அப்படியென்றால் அந்த மர பெஞ்சில்? அதிலும் மாட்டேன் என்றார். ஏனென்று கேட்டதற்கு, ரொம்பச் சாதாரணமாக, "அதுல ஆள் இருக்காங்கம்மா" என்றார். அந்தப் பெண்கள் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கே அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் இத்தனை நாற்காலிகள் இருந்தும் லாத்தா ஒன்றில்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. படங்கள் வந்தபோது எல்லாவற்றிலும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அன்று அவர்கள் போனபிறகு, ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டு கால் நீட்டிக்கொண்டார். நான் கேட்காமலேயே சொன்னார். "ஷமீமா வாப்பா மவுத்தானப்ப எனக்கு ஒண்ணும் புரியல வசந்தி. சட்டையெல்லாம் தருமத்துக்குக் குடுத்துட்டாங்க. செருப்பு, சைக்கிள், சாப்புடுற தட்டு, எல்லாம் யாரு யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாப்பது நாள் கழிச்சுத் தேடுறேன், அவங்க தொட்ட சாமான் ஒண்ணுகூட வீட்டுல இல்ல. ஒரு ஆளு போறாங்கன்னா, அவங்க உக்காந்தது ஒண்ணாவது இருக்க வேணாமா?" அவர் புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ் வந்துரும், கெளம்பு" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு முகக்கண்ணாடி உண்டு. ஆளுயரத்தில் பாதி, படாக் மரச் சட்டம், ஓரங்களில் ரசம் போய்க் கறுத்திருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துத்தான் தலை வாரினேன். ஓரத்தில் நான் ஒட்டி ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் ஒரு வரிசையாக இருக்கும். லாத்தாவுக்கு அதன் மேல் ஒரு கண். எப்போது வந்தாலும் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "இது மட்டும் என் சுவத்துல ஏறிச்சுன்னா, அப்புறம் ஸ்பெயினு என்ன ஸ்பெயினு" என்பார். "தர்றேன், தர்றேன்" என்று நானும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

லாத்தாவுக்கும் எனக்கும் பிறகு, போன வருஷம் என் கணவரும் ஓய்வு பெற்றார். திருச்சியில் மகன் வீடு பார்த்துவிட்டான், பேரன் பிறந்திருக்கிறான். போவதென்று முடிவானது. பழைய அலுவலகத்தில் எல்லாரிடமும் சொன்னேன், லாத்தாவிடம் சொல்ல மட்டும் நாள் கடத்தினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து, சிரித்துக்கொண்டே சொன்னேன். "லாத்தா, கண்ணாடி உங்களுக்குத்தான். எப்ப வந்து எடுத்துக்கறீங்க?"

அவர் வைப்பரை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணாம்" என்றார்.

"இத்தனை வருஷமாக் கேட்டீங்களே?"

"போறவங்க சாமானத்தான் நான் வாங்குறது. நீ போறவ இல்ல புள்ள."

அதற்கப்புறம் நான் எத்தனை தடவை பேச்செடுத்தும் வேறு பேச்சு பேசினார். கண்ணாடியைத் துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்து வாசல்வரை கொண்டுபோனேன். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, "மழ வருது, நனையும், எடுத்துட்டுப் போ" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரம் திருச்சிக்குப் போய்ப் புது வீட்டு வேலைகளை முடித்துவிட்டு, கடைசியாகச் சாமான்களைக் கப்பலில் ஏற்ற வருவதாக ஏற்பாடு. விமான நிலையத்துக்கு வந்தவர், புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு, "சீக்கிரம் வா" என்றார். போய்ட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

நான் திரும்பிப் போனபோதும் மழை விடவில்லை. பெரார்கஞ்ச் கதவு திறந்தே கிடந்தது. முற்றத்தில் தண்ணீர் நின்றது, தள்ள ஆளில்லை. ஷமீமா என்னைக் கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, உம்மா உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாங்களாம்" என்று அழுதாள். தாஸ் பாபு நடந்ததைச் சொன்னார். சாயங்காலம் தன் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது லாத்தா முற்றத்து ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தூணில் சாய்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கூப்பிட வேண்டாமென்று போய்விட்டாராம். மறுபடி வந்து பார்த்தபோதும் அதே இடத்தில் அப்படியே இருந்தாராம். வைப்பர் மட்டும் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் கிடந்ததாம். நோயென்று படுக்கவில்லை, யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை என்று வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கொஞ்சம் சிரமம் கொடுத்திருக்கலாம்.

கூடத்துக்குள் போனேன். அருளப்பன் சார் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில், வெள்ளைச் சுண்ணாம்பின் நடுவில், ஒரு பெரிய இரும்பு ஆணி தனியாக அடித்திருந்தது. நான் ஊருக்குப் போகும்போது அது இல்லை. "இத எதுக்கு அடிச்சாங்கன்னே தெரியல ஆன்ட்டி" என்றாள் ஷமீமா. தாஸ் பாபு மெதுவாகச் சொன்னார், அடித்தது அவர்தான். நான் திருச்சிக்குக் கிளம்பிய மறுநாள் லாத்தா அவரைச் சுத்தியலோடு கூப்பிட்டிருக்கிறார். அவர் தன் உயரத்துக்கு ஆணியை வைத்ததும் திட்டு விழுந்திருக்கிறது. "தீதி போலா, அவுர் நீச்சே. வசந்தி சோட்டீ ஹை." இன்னும் கீழே, வசந்தி குட்டை என்று சொல்லிச் சொல்லி இறக்கி அடிக்க வைத்திருக்கிறார்.

பத்துபஸ்திக்குப் போய்க் கண்ணாடியைக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை ஜன்னல் வழியாக யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. தாஸ் பாபு ஏந்திப் பிடிக்க, ஆணியில் மாட்டினேன். முன்னால் நின்றேன். என் முகம் சரியாகக் கண்ணாடிக்கு நடுவில் தெரிந்தது, எட்டவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். நான் போகப்போகிறவள்தான் என்று அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் திரும்பி வந்து இங்கே நின்று தலை வாருவேன் என்று எனக்கு அளவெடுத்து ஆணியும் அடித்துவிட்டார். அவர் மட்டும்தான் இல்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் அழுத அழுகையை என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

ஷமீமா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "உம்மா நினைவா நீங்க ஏதாச்சும் எடுத்துக்குங்க ஆன்ட்டி. அந்த நாற்காலி வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றாள். சுற்றிப் பார்த்தேன். நாற்காலி அருளப்பன் சாருடையது. அலமாரி பானர்ஜியுடையது. பெட்டி லட்சுமியம்மாவுடையது. கதவில்கூட முகம் தெரியாத ஒரு பெரார்கஞ்ச் குடும்பம் இருந்தது. இத்தனை ஆசையாகச் சேர்த்த வீட்டில் லாத்தாவுடையது என்று ஒன்றுகூட இல்லையா என்று எனக்குப் பகீரென்றது. பிறகு அவர் எல்லாரிடமும் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கை வைத்துக் கை வைத்துத் தேய்ந்து போனது எது?

"அந்த ஸ்டூல் எங்கம்மா?"

"எந்த ஸ்டூல்? அந்த நீல பிளாஸ்டிக்கா? அதுலதான உம்மா... பாக்க முடியல ஆன்ட்டி. குப்பை வண்டிக்குன்னு வெளிய வச்சுட்டேன்."

மழையில் ஓடினேன். இந்த வயதில், இந்த உடம்போடு அப்படி ஓடியது இதுதான் முதல் தடவை. கேட்டுக்குப் பக்கத்தில், தேங்காய் மட்டைகளுக்கும் உடைந்த பக்கெட்டுக்கும் நடுவில் அது கவிழ்ந்து கிடந்தது. எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஷமீமாவுக்குப் புரிந்துவிட்டது. தன் துப்பட்டாவாலேயே அதைத் துடைத்துக் கொடுத்தாள்.

வீட்டை இப்போதைக்கு விற்கவில்லை, அப்படியே பூட்டி வைக்கிறேன் என்று ஷமீமா சொல்லியிருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டை இடித்துக் கட்டுவதற்கு விலை கேட்டு ஆட்கள் இப்போதே வருகிறார்கள். சாவி தாஸ் பாபுவிடம் இருக்கிறது. உங்கள் சாமான் அங்கே இருந்தால், தீவுப் பக்கம் வர முடிந்தால், போய் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போகும்போது ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு அருளப்பன் சார் நாற்காலியையும் துடைத்துவிடுங்கள். மழைக்காலமென்றால் முற்றத்துத் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள், வைப்பர் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

நான் என் வீட்டுச் சாமான்களோடு கப்பலேறித் திருச்சிக்கு வந்துவிட்டேன். பஜாரில் எங்கும் கிடைக்கிற பிளாஸ்டிக் ஸ்டூலை மூன்று நாள் கப்பலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த என்னைச் சுற்றியிருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது அது கூடத்தில், வெளிச்சம் விழுகிற இடத்தில் இருக்கிறது. அதை நான் ஒளித்து வைப்பதில்லை.

வந்த மறுவாரம் அந்த மின்விசிறிக்காரர், விட்டுப்போன வேலையை முடிக்க வந்தார். மேலே எட்டிப் பார்த்துவிட்டு, ஏறி நிற்பதற்கு வசதியாக அந்த நீல ஸ்டூலைக் காலால் இழுத்தார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அத எடுக்காதீங்க தம்பி. அதுல ஆள் இருக்காங்க."

அவர் ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டில் போய் ஏணி கேட்டு வாங்கி வந்தார்.